அந்த ஒருத்தியையும் கேட்டதாகச் சொல்

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

நேற்று, பிப்ரவரி 11, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு வண்டிக் கதவைத் திறந்தேன். அறுபது பேருக்கு ஏற்பாடு. வந்தவர்கள் நான்கு பேர்.

நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும் என்று தெரியும். நான் நலம். நீயும் மாமாவும் நலமா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த நான்கு பேரும் கீழேயிருந்து வந்தவர்கள். டீச்சர், சுகாதார நிலைய நர்ஸ், மளிகைக் கடைக்காரர் மனைவி, அவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த கொழுந்தியாள். நம் மலை ஜனத்தில் ஒரு பெண்கூட அந்த மூன்று படிகளை ஏறவில்லை. நீயும் ஏறவில்லை. உன் தையல் கடையிலிருந்து வண்டி நின்ற இடம் கூப்பிடு தூரம்.

அது என்ன வண்டி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மார்புப் புற்றுநோயை, கையால் தடவினால் தட்டுப்படாத அளவிலேயே காட்டிக்கொடுக்கிற எக்ஸ்ரே. அம்மாவைக் கீழே கொண்டுபோனபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. அதனால்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன், உனக்குத் தெரியும். ஒருங்கிணைப்பாளர் மேடத்திடம் மல்லுக்கட்டி, "எங்க ஊருக்கு என்னையே போடுங்க. சொந்தப் பையன் வந்தா ஜனம் நம்பி வரும்" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். போன வாரம் டவுனில் வரிசை வாசல் வரை நின்றது. முன்பின் தெரியாத பெண்கள். ஆண் டெக்னீஷியன் என்று ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. சொந்த ஊரில் ஈ ஓட்டினேன்.

பயமா, சோம்பலா, ஜெனரேட்டர் சத்தமா? காரணத்தை ஒரே வரியில் எழுது. ஏப்ரலில் மறுபடி வருகிறேன்.

போனில் கேட்கலாம் என்றால், உங்களுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மளிகைக் கடை வாசல். அங்கே பேசுவது ஊருக்கே ஒலிபரப்புவது மாதிரி. ஆகவே கண்டக்டர் அண்ணன் கையில் கடிதம்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 27

அவசரத்துக்கு,

எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒரே வரியில் எழுதச் சொன்னாய், உனக்கு அவசரம் என்று பேர் வைத்தது வீண்போகவில்லை. அந்த ஒரு வரியைத்தான் பதினைந்து நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் பதில் தாமதம். பள்ளிக்கூடச் சீருடை வேறு மலையாகக் குவிந்து கிடக்கிறது. அன்றைக்கு எல்லோருக்கும் ஏதோ வேலை. பெரியம்மாவுக்கு ஆடு. எனக்கு பட்டன்.

ஆனால் எல்லோரும் உன்னைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள். "வெள்ளைக் கோட்டுல ராசா மாதிரி இருக்கான். முடியத்தான் கொஞ்சம் வெட்டிக்கலாம்" என்பது பெரியம்மாவின் ரிப்போர்ட்.

ஒரு சந்தேகம். இங்கே ஒருத்தி இருக்கிறாள். பேர் கேட்காதே. வலது பக்கம் மார்பில் கடலைக்கொட்டை அளவு ஒரு கட்டி. வலி கிடையாது. வலி இல்லை என்றால் ஒன்றுமில்லை என்று நான் சொல்லிவிட்டேன். சரிதானே?

மாமா உன்னைக் கேட்டார். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

சரியில்லை. நான் நலம்தான். நீ சொன்னது சரியில்லை.

வலி இல்லை என்பது நல்ல சேதி இல்லை. கெட்ட சேதியும் இல்லை. கட்டிகளில் பெரும்பாலானவை வெறும் கட்டிகள். ஆனால் எது எது என்பதைப் படமும் ஊசியும்தான் சொல்லும், நீயும் நானும் சொல்ல முடியாது. பட்டாணியாக இருக்கும்போது எடுத்தால் ஒரு சின்ன ஆபரேஷனோடு போகும். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் நீ.

யார் அவள்? ஏப்ரல் வரை காத்திருக்கவேண்டாம். அடுத்த பஸ்ஸில் கீழே அனுப்பு. எங்கள் ஆஸ்பத்திரியிலும் அந்த அறையில் நான்தான் இருப்பேன், அதனால் அவளுக்கு ஒரு கவலையும் வேண்டாம். இதற்கு மேலும் வராவிட்டால் அவள் அறிவில்லாத ஜென்மம் என்று நான் சொன்னதாகவே சொல்.

மாமாவுக்கு முழங்கால் வலி தேவலையா? பதிலை உடனே போடு.

தம்பி


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கண்டக்டர் அண்ணன் உன் கையிலேயே கொடுத்ததாகச் சத்தியம் செய்கிறார். நீ நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

நேற்று வண்டி வந்தபோது உன் கடை பூட்டிக் கிடந்தது. நூல் வாங்கப் போயிருக்கிறாய் என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டே. நூல் வாங்க ஒரு பகல் முழுக்கவா? நூற்பு ஆலைக்கே போய்விட்டாயா?

இந்தத் தடவை கூட்டத்துக்குக் குறைவில்லை. வாழைப்பழமும் டீயுமாக அத்தைகளும் சித்திகளும் வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெஷினில்தான் நான் யாரையும் பார்க்கவில்லை. பெரியம்மாவைக் கையைப் பிடித்தே கூப்பிட்டேன்.

"உள்ளே வாங்க பெரியம்மா. பத்து நிமிஷம்தான்."

"உள்ளேயா? அடப் போடா! நீ பொறந்தன்னிக்கு உன்னக் குளிப்பாட்டுனவ நான். உன் முன்னாடி வந்து நானு..." என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவனுக்கு வெக்கமில்லன்னா நமக்குமா இல்ல?" என்றார் சித்தி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு டீயை நீட்டிவிட்டுக் கலைந்துபோனார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மேடத்திடம் என்ன சொல்வது? "மெஷின் நல்லா ஓடுது, டீ நல்லா இருந்துச்சு" என்று எழுதவா?

அந்த ஒருத்தி என்ன ஆனாள்? அதை மட்டுமாவது சொல்.

தம்பி


ஏப்ரல் 20

மாப்பிள்ளைக்கு,

நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும். எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது, சுருக்கமாக முடிக்கிறேன்.

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டால் நான் மோட்டாரைத்தான் பிரிப்பேன். சில நேரம் மோட்டாரில் கோளாறு இருக்காது. நீயும் இரண்டு மாதமாக மோட்டாரையே பிரித்துக்கொண்டிருக்கிறாய்.

அந்த ஒருத்தி உன் அக்காதான்.

நீ அவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. ஊரில் பாதிப் பேர் உனக்கு அத்தை, மீதிப் பேர் சித்தி. அன்னியன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு காட்டிவிட்டு வந்துவிடுவார்கள். உன்னிடம் எப்படிக் காட்டுவார்கள்? "நீ வேண்டாம்" என்று உன் மூஞ்சிக்கு நேரே சொல்லவும் ஒருத்திக்கும் மனசு வரவில்லை. நீ படித்து வந்ததில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை.

நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்குச் சோறு கிடையாது. எது செய்தாலும் சீக்கிரம் செய்.

மாமா


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

நான் சௌகரியமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மாமாவைக் கேட்டதாகச் சொல். அவர் எனக்குக் கடிதமெல்லாம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும்.

அந்த ஒருத்தியிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும். மே 29 அன்று வண்டி மேலே வரும். மெஷினில் நான் இருக்கமாட்டேன். தெற்கு மலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் டெக்னீஷியன் வருகிறார். அவரும் மலை ஜனம்தான். ஆனால் நமக்கு உறவு கிடையாது, ஒருத்தருக்கும் அத்தை மகளோ சித்தி மகளோ கிடையாது, விசாரித்துவிட்டேன். நம் நர்ஸிடம் படம் எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்காதே, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

மேடம் லேசில் விடவில்லை. "உங்களைக் காட்டித்தானே இந்தத் திட்டத்துக்கே அனுமதி வாங்கினோம்! சமூகத்தைச் சேர்ந்த ஊழியர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கோம்!"

"என் போட்டோவை மாட்டிக்கோங்க மேடம். ஆளை விட்டுடுங்க."

"நீங்கதானே அடம்பிடிச்சுக் கேட்டு வாங்குனீங்க?"

"ஆமா. அன்னிக்கு நான் டெக்னீஷியனா மட்டும் யோசிச்சேன்."

அரை நாள் பேசினோம். ஒத்துக்கொண்டார். தெற்கு மலைக்கு இனிமேல் நான் போவேன், இங்கே அந்தப் பெண் வருவார். அங்கே நான் யாருக்கும் பிள்ளை இல்லை. அங்கேயும் ஆண் வேண்டாம் என்றால் அதையும் கேட்டுக்கொள்வேன்.

அப்புறம், அறிவில்லாத ஜென்மம் என்று அவளிடம் சொல்லச் சொன்னேனே, சொல்லியிருக்கமாட்டாய். சொல்லியிருந்தால், அது எழுதினவனுக்குத்தான் பொருந்தும் என்றும் சேர்த்துச் சொல்லிவிடு.

வேறு என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்டு எழுது. நான் ஊகிக்கப்போவதில்லை. என் ஊகத்தின் லட்சணத்தைத்தான் ஊரே பார்த்ததே.

தம்பி


மே 8

அவசரத்துக்கு,

எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறோம். மாமாவின் முழிதான் ஒரு வாரமாகச் சரியில்லை. என்ன என்று கேட்டால் "பேரிங் போயிருச்சு" என்கிறார். எந்த மோட்டாரில் என்றால் ஸ்பானரைத் தேடிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். இருக்கட்டும், அவருக்குச் சோறு போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் கடிதத்தை அந்த ஒருத்திக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். அவளுக்குச் சில கேள்விகள் இருக்கின்றன.

எடுக்கிற படம் எங்கே போகும்? உன் கம்ப்யூட்டருக்கு வருமா? ஆள் நீ இல்லாமல் படத்தை நீ பார்த்தால் அப்புறம் என்ன வித்தியாசம்?

இன்னொன்று, உள்ளே ஒருத்தர்தான் வரவேண்டும் என்று வண்டிக் கதவில் எழுதியிருக்கிறது. நம் ஜனத்தில் பிரசவத்துக்குக்கூட யாரும் தனியாகப் போனதில்லை. இதற்கு மட்டும் தனியாகப் போ என்றால் கால் எழும்பாது.

கடைசியாகக் கேட்டதுதான் அவளுக்குப் பெரிது. உடம்பிலிருந்து எதையாவது எடுத்தால் அதைத் திருப்பிக் கொடுப்பார்களா? அம்மாவிடமிருந்து எடுத்ததை எங்கே போட்டார்கள் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. எத்தனை வாசலில் நின்று கேட்டேன் தெரியுமா? "அதெல்லாம் எதுக்கும்மா" என்று ஒரு ஆள் சிரித்தான். அம்மாவை முழுசாக மண்ணில் வைக்கவில்லையே என்றுதான் பெரியம்மா இன்றைக்கும் அழுகிறார். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். உனக்குச் சொல்லவில்லை.

இதெல்லாம் அவள் கேட்டது. உனக்குத் தொந்தரவாக இருந்தால் விட்டுவிடு.

அக்கா


மே 17

அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆசை. விடமாட்டேன்.

படங்கள் நேராக எங்கள் ஆஸ்பத்திரிப் புற்றுநோய் டாக்டரம்மாவுக்குப் போகும். நம் ஊர்ப் படங்களை என் கணக்கில் திறக்க முடியாதபடி பூட்டச் சொல்லிவிட்டேன். திறக்க முயற்சி செய்தும் பார்த்தேன், படம் இல்லாத ஒரு வெற்று ஃபைலை வைத்து. "அனுமதி இல்லை" என்று சிவப்பில் வந்தது. வாழ்க்கையிலேயே அந்த எழுத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

துணைக்கு ஒருத்தர் வரலாம். படம் எடுக்கும் அந்த நொடியில் டெக்னீஷியன் ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்பார். இன்னொருவரும் அங்கே நிற்க இடம் இருக்கிறது, பேச்சும் கேட்கும். கதிர் வீச்சு அங்கே எட்டுகிறதா என்று கருவி வைத்துப் பார்த்துவிட்டேன், எட்டவில்லை. துணைக்கு வருகிறவர் கர்ப்பமாக மட்டும் இருக்கக்கூடாது. பெரியம்மா விஷயத்தில் அந்தக் கவலை இல்லை. கதவில் இருந்த அறிவிப்பை நானே கிழித்தேன்.

மூன்றாவதுதான் கஷ்டமாக இருந்தது. பரிசோதனைக்கூடத் தலைமை டாக்டரிடம் போனேன்.

"அப்படிக் கொடுக்கிற வழக்கம் இல்லையேப்பா."

"வழக்கம் இல்ல, சரி சார். கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க."

அவர் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். எனக்கும் டீ சொன்னார். மறுபடி புரட்டினார்.

"நீ எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமே சார். அக்காகிட்ட கேட்டுப் பாருங்க."

முடிவு இதுதான். நோயைத் தீர்மானிக்கவும் மருந்து முடிவு செய்யவும் தேவைப்படுகிற சிறு பகுதியை மெழுகில் பதித்து அவர்கள் வைத்துக்கொள்வார்கள். அது இல்லாமல் வைத்தியம் நடக்காது, அதை மறைக்கமாட்டேன். மீதி திரும்பி வரும். மெழுகில் இருப்பதும் காலம் முடிந்ததும் குப்பைக்குப் போகாது, வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மருந்துத் திரவத்தில் ஊறியிருக்கும், டப்பாவைத் திறக்கக்கூடாது. அப்படியே மண்ணில் வைக்கலாமா என்று பெரியம்மாவைக் கேள். மண்ணுக்குக் கெடுதல் என்றால் வேறு வழி பார்க்கிறேன்.

அம்மா விஷயம் எனக்குத் தெரியாது அக்கா. பழைய பதிவறைக்கும் போனேன். அந்த வருஷத்தது எதுவும் இல்லை. இல்லை என்பதையாவது ஒருத்தர் நம்மிடம் சொல்லியிருக்கலாம்.

தம்பி


ஜூன் 2

அவசரத்துக்கு,

நல்லாத்தான் இருக்கிறோம். நீ அன்றைக்கு மலைப்பாதை வளைவிலேயே இறங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் கண்டக்டரோடு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாய் என்று கேள்விப்பட்டேன். மண்டையில் ஒரு துண்டையாவது போட்டிருந்தாயா?

உன் அந்தப் பெண் கெட்டிக்காரி. வந்ததும் முதலில் வண்டியைத் திருப்பி, படிகள் தோட்டத்துப் பக்கம் இருக்கிற மாதிரி நிறுத்தச் சொன்னாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகளுக்கு வண்டியின் முதுகுதான் தெரிந்தது. நீ கொடுத்தனுப்பிய முதுகு திறந்த கவுனைப் பார்த்துவிட்டு நான் சிரித்தே விட்டேன். பழைய சேலைகளை வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் விலக்கிக்கொள்கிற மாதிரி நாடா வைத்து, அங்கேயே தைத்துக் கொடுத்தேன். அவள் முறைத்துவிட்டு, "ஊக்கு மட்டும் வேணாம்க்கா, இரும்பு படத்துல விழும்" என்றாள். அதனால் நாடா.

ஜோடி ஜோடியாகப் போனார்கள். பெரியம்மா வெளியே வந்து, "ஒண்ணுமில்லடி, இஸ்திரி போடற மாதிரி ஒரு அமுக்கு அமுக்கறா. அஞ்சு மூச்சு பொறுத்தாப் போதும்" என்று ஒலிபெருக்கி இல்லாமலே அறிவித்தார். அதற்கப்புறம் வரிசைதான். பொழுது சாய்ந்தும் ஆட்கள் நின்றார்கள். மீதிப் பேருக்காக இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்த ஒருத்தியும் போனாள். துணைக்குப் பெரியம்மா. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பெரியம்மா ஆட்டுக் கதை சொன்னதில் அவள் சிரித்து, ஒரு படத்தைத் திரும்ப எடுக்கவேண்டியதாகிவிட்டது.

மூன்று பேரை ஊசிப் பரிசோதனைக்குக் கீழே வரச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் அதில் ஒருத்தி. மாமா கூட்டிக்கொண்டு போகிறார். நீ அந்தப் பக்கம் வராதே.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுத வரவில்லை.

ஊசி போட்டு இரண்டு வாரத்துக்கு மேலாகிவிட்டது என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். ரிப்போர்ட் என் அறையிலிருந்து இரண்டு கதவு தள்ளி இருக்கிறது. நான் கேட்கவில்லை. மேடமே, "உங்க ஊர் ரிசல்ட்..." என்று ஆரம்பித்தபோது காதைப் பொத்திக்கொண்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

அவளுக்குச் சொல்லத் தோன்றும்போது சொல்லட்டும். நான் தெற்கு மலையில் மெஷினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். கழற்றவேண்டிய அவசியம் இல்லை.

மாமாவையும் அந்த ஒருத்தியையும் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும்.

மூன்று பேரில் இரண்டு பேருக்கு வெறும் கட்டி. அந்த ஒருத்திக்கு அதுதான்.

ஆனால் சின்னதாம். அக்குளுக்குப் பரவின மாதிரி தெரியவில்லையாம், ஆபரேஷனில் பார்த்து உறுதி செய்வார்களாம். மார்பை முழுசாக எடுக்கவேண்டாம், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு அப்புறம் கொஞ்ச நாள் கதிர் வைத்தியம் என்றார் டாக்டரம்மா. மாமாவையும் பெரியம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சொன்னார். பெரியம்மா நிறையக் கேள்வி கேட்டார். ஒன்றுக்குக்கூட அந்த அம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஊசியில் எடுத்ததில் மீதி, சொன்ன மாதிரியே வந்தது. விரல் நீளம்கூட இல்லாத டப்பா. திரவத்தையெல்லாம் மாற்றி, இப்படியே மண்ணில் வைக்கலாம் என்று ஒரு தாளும் கூடவே இருந்தது. பெரியம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அம்மா பக்கத்திலேயே வைத்தோம். திரும்பி நடந்து வரும்போது, "இப்பத்தான்டி எனக்கு மூச்சு வருது" என்றார்.

இந்த ஒரு மாதமும் உனக்கு எழுதாமல் இருந்தது, எழுதினால் வேலையைப் போட்டுவிட்டு மலையேறி ஓடிவந்துவிடுவாய் என்றுதான்.

அந்த ஒருத்தி நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சீருடை தைக்கிறாள். நானும் அவளும் ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறோம். இது உனக்கு எப்போதோ தெரியும் என்பது எனக்கும் எப்போதோ தெரியும். பேரிங் போன ஆள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைச் சொறிகிறார்.

18ஆம் தேதி ஆபரேஷன். நீ வருவாயா என்று கேட்கிறாள். வந்தால் வெளியே உட்காரவேண்டுமாம். ரொம்பத் தூரத்தில் வேண்டாமாம்.

அக்கா


ஜூலை 7

அக்காவுக்கு,

கடிதத்தை ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு வேலைக்குப் போனேன். நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

கையில் இருக்கிற செய்தி நல்ல செய்தி. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை, உனக்கே தெரியும், எனக்கு ஆறுதல் சொல்ல வராது. சின்னதாக இருக்கும்போது பிடித்தாகிவிட்டது. இனி வழி தெரிந்த பாதை.

வண்டி இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலே வரும், ஒவ்வொருவருக்கும் எப்போது படம் என்று டாக்டரம்மா சொல்வார். தெற்கு மலையில் நேற்று ஒரு பாட்டி என்னிடம், "நீ யார் வீட்டுப் பையன்?" என்று கேட்டார். "யார் வீட்டுப் பையனும் இல்ல" என்றேன். "அப்ப சரி" என்று படி ஏறினார்.

மாமாவுக்கு இனிமேலும் சோறு போடு. நான் செய்யப்போவது:

1. 17 முதல் 25 வரை விடுப்பு. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

2. 18ஆம் தேதி ஆபரேஷன் அறைக்கு வெளியே, வலப்பக்கம் மூன்றாவது நாற்காலியில் உட்காருவேன். உள்ளே கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் அங்கேயே இருப்பேன்.

3. ரிப்போர்ட், படம், மானிட்டர் எதையும் எட்டிப் பார்க்கமாட்டேன். டாக்டரம்மாவுக்கு யோசனை சொல்லமாட்டேன். (இதற்கு மாமா என் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்.)

4. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும்போது நானே வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் மேலே கொண்டுவருவேன். பெரியம்மா கையில் கொடுப்பேன். அம்மா பக்கத்தில் வைக்கும்போது, கூப்பிட்டால், நானும் நிற்பேன்.

5. உன் நாடா வைத்த கவுன் மாதிரி ஒன்று மேடத்தின் மேஜையில் இருக்கிறது. எல்லா ஊருக்கும் தைக்கவேண்டுமாம். கூலி பேசாமல் ஒத்துக்கொள்ளாதே. உனக்குக் கை தேறிய பிறகு பேசுகிறேன்.

6. முடி வெட்டிக்கொள்வேன்.

7. நீ வீடு திரும்பியதும், நேரில், "எப்படி இருக்கே?" என்று கேட்பேன். "எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கோம்" என்று ஆரம்பிக்கக்கூடாது. வலித்தால் வலிக்கிறது என்று சொல். பயமாக இருந்தால் அதைச் சொல். சொல்ல வராவிட்டால் நீ துணி தைத்துக்கொண்டிரு, நான் பக்கத்தில் பட்டன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவசரமில்லை.

தம்பி